சொல்லாமல் விட்ட ஆண்டுகள்

(புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் தமிழாசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் படிக்கும் பிள்ளைகள் தமிழில் எழுதவும் வேண்டும் என்ற எண்ணத்தில் நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. அதனால் இலக்கியத்தைப் பாராட்டிப் பேசிவிட்டு இறங்குவதைவிட, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பேசினால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்ட பொருள், வளரும் பருவத்தைச் சொல்லும் கதைகள். ஒரு சிறுவனோ சிறுமியோ உலகம் இன்னதென்று கண்டுகொள்ளும் கதைகள். எழுத வருகிற எல்லோரும் முதலில் கைவைக்கிற பொருள் இது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இதுதான்.

ஒருவர் வளர்ந்ததை எழுத்தில் எப்படிக் காட்டுவது? உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் காட்டலாம். பயம் போனதை, அவமானம் புரிந்ததை, அப்பாவும் ஒரு மனிதர்தான் என்று தெரிந்துகொண்டதைக் கோடு போட்டுக் காட்ட முடியாது. அன்றோடு என் குழந்தைப் பருவம் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி வந்ததும் கதை செத்துப்போகிறது. நல்ல வளர்பருவக் கதைகள் வளர்ச்சியைச் சொல்வதே இல்லை. சிறு சிறு காட்சிகளை வைக்கின்றன. நடுவில் நாட்களையும் ஆண்டுகளையும் விட்டுவிடுகின்றன. வளர்ச்சி அந்த விட்ட இடத்தில் நடக்கிறது. அதை நடத்துவது வாசகர். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

முதல் சான்றை நற்றிணையிலிருந்து தருகிறேன். 110ஆம் பாட்டு, போதனார் பாடியது. செவிலித்தாயின் கூற்றாகக் கொள்வார்கள். வகுப்பில் படித்திருப்பீர்கள், தேர்வுக்காகப் படித்ததால் மறந்தும் இருப்பீர்கள். இப்போது கதை எழுதுகிறவர் கண்ணோடு அதைப் பாருங்கள்.

பாட்டில் இரண்டு காட்சிகள். முதல் காட்சி பிறந்த வீடு. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பால். அதை ஒரு கையில் ஏந்தி, அடித்தாலும் வலிக்காத ஒரு சிறு கோலை ஓங்கிக் காட்டி, குடி குடி என்று கெஞ்சி மிரட்டுகிறார்கள் நரைத்த தலைச் செவிலியர். சிறுமி முத்துப் பரல் போட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். பிடிக்க முடியாமல் கிழவிகள் ஓய்ந்துபோகிறார்கள். இரண்டாம் காட்சி புகுந்த வீடு. கணவன் குடும்பம் வறுமைப்பட்டுவிட்டது. அதே பெண் தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை நினைப்பதில்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இரண்டு காட்சிக்கும் நடுவே செவிலி ஒன்று கேட்கிறாள்: இந்த அறிவும் இந்த நடத்தையும் இவளுக்கு எங்கிருந்து வந்தன?

கவனியுங்கள், அந்தக் கேள்விக்குப் பாட்டில் விடை இல்லை. கல்யாணம் இல்லை, புகுந்த வீட்டுக்குப் போன வழி இல்லை, வறுமை வந்த நாள் இல்லை, முதல் முதலாகப் பசியை மறைத்த இரவு இல்லை. ஒரு நாவலுக்குரிய அத்தனையையும் புலவர் விட்டுவிட்டார். விட்டதனால்தான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. வளர்த்தவள் அந்த ஆண்டுகளில் அங்கே இல்லை; நாமும் அங்கே இல்லை. பாலை மறுத்தவளும் பொழுதை மறுத்து உண்பவளும் ஒருத்திதானா என்று செவிலியைப் போலவே நாமும் திகைக்கிறோம். ‘மறுத்தல்’ என்ற ஒரே செயல் இரண்டு காட்சியிலும் இருப்பதைப் பாருங்கள். செல்லத்தில் மறுத்தாள், பிறகு மானத்தில் மறுத்தாள். செயல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. உத்தி என்று தனியாகப் பெயர் சொல்ல வேண்டுமானால் இதுதான் உத்தி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வளர்பருவக் கதைகளில் ஒன்று.

பிள்ளைத்தமிழும் காட்சிகளால் ஆனதுதானே என்று கேட்கலாம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று தொடரும் பத்துப் பருவங்கள். குழந்தை தலை தூக்குகிறது, கை தட்டுகிறது, நடந்து வருகிறது. அழகான நிலைப்படங்கள். ஆனால் பிள்ளைத்தமிழ்க் குழந்தைக்கு எதுவும் நேர்வதில்லை. அது முதல் பருவத்திலேயே தெய்வம், பத்தாம் பருவத்திலும் தெய்வம். ஒரு பருவத்தில் தெரியாதிருந்தது அடுத்த பருவத்தில் தெரியவருவதில்லை. காட்சிகளை வரிசையாக அடுக்குவதால் மட்டும் வளர்ச்சி வந்துவிடாது என்பதற்கு அதையே சொல்லலாம். முதல் காட்சியில் குழந்தைக்குத் தெரியாத ஒன்று இருக்க வேண்டும்.

தெரியாமை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்த புத்தகம். தன்வரலாறு என்பார்கள், நாவல் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அது ஆண்டு வரிசையில் நடக்காத புத்தகம். மலையடிவாரத்து ஊர், தெருக்கள், விளையாட்டு, வேலை, கோயில், கன்னியர் மடம் என்று போய்ப் போய்த் திரும்பி வருகிறது. சொன்ன நிகழ்ச்சியை வேறொரு கோணத்தில் மறுபடியும் சொல்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிற காட்சி ஒன்று அதில் இருக்கிறது. தமிழ் உரைநடையில் அதற்கு ஈடான காட்சி குறைவு.

சிறுமி மூன்றாம் வகுப்பு. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்கு அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். தெருவில் அவ்வளவு வேடிக்கை. குரங்காட்டி, பாம்பாட்டி, மூன்று நாளாகக் கீழே இறங்காமல் சைக்கிள் மிதிக்கிறவர், கடைகள், பலகாரங்கள் என்று பாமா அடுக்கிக்கொண்டே போகிறார். வாசிக்கிற நாமும் சிறுமி கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வருகிறோம். அந்த அடுக்கின் கடைசியில் ஒரு களம். நெல்லடிக்கிறார்கள். நாயக்கர் உட்கார்ந்திருக்கிறார். இவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடைத்தெருவிலிருந்து வருகிறார். கையில் வடைப் பொட்டலம். பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கிற சரட்டை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி ஒரு பொட்டலத்தைத் தூக்கிவருவது சிறுமிக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவிழ்ந்து விழுந்துவிடாதா என்று நினைக்கிறாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் அவர்கள் தின்னமாட்டார்கள், அதனால்தான் அப்படி என்கிறார்.

இந்தக் காட்சி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். தீண்டாமை பற்றி ஒரு முன்னுரை எழுதி, பிறகு இதை எடுத்துக்காட்டாக வைத்திருந்தால் நாம் தலையசைத்துவிட்டுப் போயிருப்போம். பாமா இதை வேடிக்கைகளின் வரிசையில் வைத்தார். குரங்கைப் பார்த்துச் சிரித்த வாயோடு பொட்டலத்தையும் பார்த்துச் சிரிக்கிறோம். அண்ணன் வாயைத் திறக்கும்போது அந்தச் சிரிப்பு நம் முகத்தில் இருக்கிறது. சிறுமிக்கு வந்த ஆத்திரமும் வெட்கமும் அதனால்தான் நமக்கும் வருகின்றன. இன்னும் ஒன்று. சாதியின் பெயரால் யாரும் அந்தக் காட்சியில் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு சரடும் ஒரு பொட்டலமும்தான். சிறு காட்சிக்குள் பொருள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆழமாகப் போகிறது. புத்தகத்தின் பெயரான பனங்கருக்கும் அப்படியே. விறகு பொறுக்கவும் விளையாடவும் போனபோது கையைக் கீறிய மட்டை. குழந்தைக்கு அது கீறல் மட்டும். எழுதுகிற பெண்ணுக்கு அதுவே ரம்பம்போல இருபுறமும் அறுக்கிற வாழ்க்கை. வயது கூடக் கூட ஒரே பொருள் கனத்துக்கொண்டே போகிறது.

பொருள் கனப்பதைப் பற்றிப் பேசினால் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை விட முடியாது. ஒரு வீட்டுக் கதவு. பிள்ளைகள் அதில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி, பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுக்கிறார்கள், ஊர் பேர் சொல்லி இறங்குகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். பிள்ளைகள் அதையும் ஒரு வேடிக்கையாக எண்ணிப் பின்னாலேயே போகிறார்கள். வேலை தேடிப் போன அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. வாடைக்காற்று அடிக்கிறது. கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை குளிரில் இறந்துபோகிறது. நாய் உள்ளே வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் போகிறது. பிறகு ஒரு நாள் தம்பி சீனிவாசன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாவடியில் தங்கள் கதவைப் பார்த்துவிட்டு அக்கா லட்சுமியிடம் ஓடிவந்து சொல்கிறான். இருவரும் போய், கரையான் ஏறிய அந்தக் கதவைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையில் பஞ்சம் என்ன, வரி என்ன, அரசு என்ன என்று ஒரு விளக்கமும் கிடையாது. பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்கு மேல் கி.ரா. ஓர் அடி வைக்கவில்லை. கதவு பஸ்ஸாக இருந்தது. பிறகு காற்றைத் தடுத்த ஒன்றாக நினைவில் மாறியது. கடைசியில் இழந்த கைக்குழந்தையும் வீடும் எல்லாமுமாகிவிட்டது. ஒரு மரப்பலகைக்கு இத்தனை பொருள் ஏறியிருப்பதை லட்சுமி வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டிப்பிடிக்கிறாள், அவ்வளவுதான். படிமம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போது நான் இலக்கணம் சொல்வதில்லை. இந்தக் கதவைத் தேடிப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது, யார் குரலில் சொல்வது என்ற சிக்கல். வளர்ந்தவர்தான் எழுத முடியும்; ஆனால் கதை வளராதவருடையது. இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வர வேண்டும். இதையும் சங்கப் புலவர் ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். புறநானூற்று 243ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. பூண் கட்டிய தலையையுடைய ஊன்றுகோலைப் பாட்டில் சொன்னதால் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திடுக்கிட மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியது, இவையெல்லாம் ஓடுகின்றன. சொல்கிறவர் இப்போது கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் கிழவர். மடுவில் மூச்சடக்கிய பையனையும் மூச்சு வாங்கும் முதியவரையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். இடையில் ஓர் ஆயுள் முழுவதும் காணவில்லை.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவல் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கிறது. 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் வளரும் சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு. வெளியே நிஜாமின் ஆட்சி முடிவுக்கு வரும் 1948. ரஜாக்கர்கள், காந்தியின் கொலை, இந்திய ராணுவம் நுழைவது என்று பெரிய வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு அது சைக்கிளில் போகும்போது மூடிக்கிடக்கிற கடையாகவும் விளையாட வராத நண்பனாகவும்தான் தெரிகிறது. நாவல் சில இடங்களில் ‘நான்’ என்று சொல்கிறது, சில இடங்களில் அவனையே சந்திரசேகரன் என்று தள்ளி நிறுத்திச் சொல்கிறது. அருகில் போவதும் விலகி நிற்பதுமான அந்த நடையில், தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கத் தொடங்கும் வயது கண்முன் வந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் எல்லோருக்கும் நடப்பதுதான் அது. அசோகமித்திரன் அதை விளக்கவில்லை, இலக்கணமாகவே செய்துவிட்டார்.

அந்த நாவலின் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. கலவரத்தில் ஓடும் சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் விழுகிறான். நடுங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குடும்பத்துக்கு அவன் தங்களை அழிக்க வந்தவனாகத் தெரிகிறான். மற்றவர்களை விட்டுவிடும்படி கெஞ்சி ஒரு பெண் தன் உடைகளைக் களைந்து முன்னால் நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். தன்னைப் பற்றித் தான் நினைத்திருந்தது வேறு, இன்னொருவர் கண்ணில் தான் வேறு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவன் என்ன ஆனான் என்று ஆசிரியர் சொல்லவில்லை. வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான் என்று நாவலை இழுத்திருந்தால் அந்த ஓட்டம் வீணாகியிருக்கும்.

வெளிநாட்டு எழுத்தில் இந்த முறையைத் துணிச்சலாகக் கையாண்ட புத்தகம் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதிய ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’. 1984இல் வந்தது. சிகாகோவில் மெக்சிகோ வழி வந்தவர்கள் வாழும் தெரு. எஸ்பெரான்சா என்ற சிறுமி. மொத்தம் 44 துண்டுகள். சில ஒரு பக்கம்கூட வராது. வீட்டில் ஒவ்வொருவர் தலைமுடியும் எப்படி இருக்கிறது என்று ஒரு துண்டு. தன் பெயர் தனக்குப் பிடிக்காதது ஒரு துண்டு. எந்தத் துண்டிலும் பெரிய கதை இல்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் பின்னால் போய்ச் சேர்வதைச் சிறுமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்பதாவது துண்டைத் தாண்டும்போது அவள் வீடு கேட்கிற குரலே மாறியிருக்கிறது. எந்தத் துண்டில் மாறியது என்று விரல் வைக்க முடியாது. ஏழைத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நெருக்கடியான வீட்டில் தொடர்ச்சியான நினைவு கிடைப்பதில்லை. நடுநடுவே பிய்ந்த நினைவுதான் கிடைக்கிறது. வடிவம் வாழ்க்கைக்கு உண்மையாக இருக்கிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை (2000) இதோடு சேர்த்துப் படியுங்கள். பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட பிள்ளைகளின் கதை. கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி என்று உடலைக் காட்டும் பெயர்கள்தாம் அவர்களுக்கு. பண்ணைக்காரர் மகனுக்கு மட்டும் செல்வன் என்று பெயர். பெயர்களை வரிசையாக உச்சரித்தாலே அந்தச் சமூகம் விளங்கிவிடுகிறது. மேய்ச்சல் காடு, கிணறு, பனை, இரவுக் காவல் என்று காட்சிகள் நிதானமாக நகர்கின்றன. அவசரப்படுகிறவர்களுக்கு அது நீளமாகத் தெரியும். அந்த நிதானத்தில்தான் கடைசிக் கிணற்றுக் காட்சிக்கான பயம் சிறிது சிறிதாக ஊறியிருக்கிறது.

இப்போது ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இன்று பத்திரிகைகளிலும் மலர்களிலும் பால்யம் பற்றிய எழுத்து பெருகிக்கிடக்கிறது. சேமியா ஐஸ், பம்பரம், கோலிக்குண்டு, வாடகை சைக்கிள், திருவிழாவில் திரைகட்டிப் போட்ட படம், பாட்டி சுட்ட பணியாரம். படிக்க இனிக்கிறது. ஆனால் இந்த எழுத்தில் யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. எல்லாம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பணியாரம் யாருக்குக் கடைசியில் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவே இல்லை, பாட்டி தனக்கு எத்தனை வைத்துக்கொண்டார் என்று ஒரு குழந்தை பார்த்திருந்தால் அங்கே கதை தொடங்கியிருக்கும். பொருட்களின் பட்டியல் பாமாவிடமும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசியில் அவர் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன் ‘சித்திரப்பாவை’க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார்; தமிழுக்கு முதல் ஞானபீடம் அது. கருவூலத் துறையில் வேலை பார்த்துக்கொண்டும் தொழிற்சங்கத்தில் பாடுபட்டுக்கொண்டும் கந்தர்வன் இந்த ஊரிலிருந்து கதை எழுதினார். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் பழைய தமிழ்ப் புத்தகங்களின் முதல் பதிப்புகளைக் காத்துவைத்திருக்கிறது. எழுத்துக்குப் பஞ்சமில்லாத மண். ஆனாலும் புதுக்கோட்டையில் வளர்வது எப்படி இருக்கும் என்று ஒருவர் என்னைக் கேட்டால், நீட்டுவதற்குக் கைநிறையப் புத்தகங்கள் இல்லை.

நம் ஊரின் மிகப் பெரிய வளர்பருவக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி கல்வியாளர். மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெண் என்பதாலும் தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம், சட்டமன்றத் துணைத்தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. விழா மேடைகளில் நாம் இந்த வரிசையைத்தான் ஒப்பிக்கிறோம். முதல் பெண், முதல் பெண், முதல் பெண் என்று படியேறிக்கொண்டே போகிறோம். அந்தப் படிகளில் ஒரு பெண் குழந்தையைக் காணோம்.

அவர் தன்வரலாறு எழுதியிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. எழுதுகிறவர் மன்னரின் ஆணையில் தொடங்கக் கூடாது. எதிர்ப்பு மனு என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒரு சிறுமியிடம் தொடங்க வேண்டும். அம்மாவின் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறுவதை அவள் முதல் முறையாகப் பார்க்கிற காட்சி ஒன்று வேண்டும். ஏன் மாறியது என்று அப்போது அவளுக்குத் தெரியக் கூடாது. பிறகு ஆண்டுகளை விட்டுவிட்டு, சட்டமன்றத்தில் அவர் எழுந்து நிற்கிற நாளுக்குப் போகலாம். நடுவில் உள்ளதை வாசகர் பார்த்துக்கொள்வார். செவிலி கேட்ட கேள்வியை நாம் முத்துலட்சுமியைப் பார்த்தும் கேட்போம்.

இந்தத் தலைமுறைக்கு வருகிறேன். எனக்கு முன்னால் இருக்கிற உங்களில் பலர் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் சிறு பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். கஜா புயல் கரை கடந்த அந்த இரவுக்குப் பின் ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. உங்கள் வயதுக்குரிய கதையின் நடுவில் அந்த இரவு இருக்கிறது.

எழுத்துப் பயிற்சி ஒன்றில் ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்தார். புயலுக்கு மறுநாள் காலை. வீட்டுக்குள் என்றைக்கும் இல்லாத வெளிச்சம். அதுவரை தென்னந்தோப்பு நிழலில் இருந்த வீடு. அன்று வாசலில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிகிறது. சிறுமிக்கு அது பெரிய மகிழ்ச்சி. அப்பா, கோபுரம் தெரியுது பாருங்க என்று ஓடுகிறாள். அப்பா விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். அவள் காட்டிய பக்கம் திரும்பிப் பார்க்கிறார், ஆமாம்மா என்கிறார். அடுத்த பத்தியில் அந்தச் சிறுமி பன்னிரண்டாம் வகுப்பு. தோப்பு இருந்த இடத்தில் நட்ட கன்றுகள் இடுப்பளவு வந்திருக்கின்றன. அப்பா திருப்பூரிலிருந்து வாரம் ஒருமுறை போன் பேசுகிறார். கோபுரம் இன்னும் தெரிகிறது. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அதற்குக் கீழே இன்னொரு பத்தியும் எழுதியிருந்தார். கடன் எவ்வளவு, நிவாரணம் எப்போது வந்தது, அப்பா ஏன் ஊரைவிட்டுப் போனார், அன்றைய தன் மகிழ்ச்சியை நினைத்து எவ்வளவு குற்றவுணர்வு என்றெல்லாம். அந்தப் பத்தி முழுவதும் உண்மை. அதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். கோபுரத்தைப் பார்ப்பதில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் இதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பத்தி இல்லாமல் கொண்டுவந்தார். கோபுரம் என்ற ஒரே பொருள், இரண்டு காட்சி, நடுவில் விட்ட ஆண்டுகள். போதனாரின் முறைதான், நற்றிணையை நினைத்து அந்த மாணவி எழுதவில்லை, ஆனாலும் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. வளரும் பருவம் என்றவுடன் பன்னிரண்டு வயதும் பதினெட்டு வயதும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1991 வாக்கில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்க வந்த பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். வயலில் கூலி வேலை பார்த்தவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்காரவைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதனால் உலகம் அறிந்தது. ஊர்வலங்களும் எண்ணிக்கைகளும் பதிவாகியிருக்கின்றன. முப்பது வயதில், முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் முதல்முறையாகத் தன் விருப்பத்துக்கு ஒரு திசையில் போன அந்த நாள், அந்தச் சாலை, அது கதையாகவில்லை.

என் அக்கா அந்தக் கூட்டத்தில் ஒருவர். பகலில் ஊரார் பார்ப்பார்கள் என்று நிலா வெளிச்சத்தில் களத்துமேட்டில் பழகினார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவருடைய மாமியார். மருமகளை அதுவரை தனியாகக் கடைக்குக்கூட அனுப்பாத மாமியார். அவர் ஏன் பிடித்தார் என்று அக்கா இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மாமியாரும் காலமாகிவிட்டார். அந்த இடம் எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் எழுத முடியும் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் வீடுகளில் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். பாட்டிகளாகவும் பெரியம்மாக்களாகவும் இருக்கிறார்கள். அறிவொளி காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நல்லா இருந்துச்சு என்று ஒரே பதில் வரும். யாருடைய சைக்கிள் அது என்று கேளுங்கள். எந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனீர்கள், முதலில் விழுந்தபோது எதிரில் யார் நின்றார்கள், முதல் தடவை தனியாக எங்கே போனீர்கள், போய் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் பேசாமல் இருந்தாரோ, அந்த இடத்தையும் ஏட்டில் காலியாக விட்டுக் குறித்துவையுங்கள்.